விழுந்த பழம், அறுத்த பழம்

பால் வாங்கப் போனவள் துரியன் வாங்கிக்கொண்டு வந்தேன். சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய கடையில், குளிர்பெட்டிக்குள், தயிருக்கும் காளானுக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சளாக மூன்று சுளைகள் படுத்திருந்தன. மூடியில் ஏதோ அயல்நாட்டு எழுத்து. டப்பாவை எடுத்து மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூடியின் ஓரத்தை நகத்தால் லேசாகக் கிளப்பி மறுபடி மோந்தேன். அதற்குள் கடைப் பெண் வந்துவிட்டாள்.

"மேடம், ஓபன் பண்ணக் கூடாது."

"வாசனையே வரலியேம்மா."

"வராது மேடம். வராத மாதிரிதான் பேக் பண்ணி அனுப்பறாங்க. வந்தா கஸ்டமருங்க கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க."

"சரி, இது மரத்துலேர்ந்து தானா விழுந்ததா, அறுத்து எடுத்ததா?"

அந்தப் பெண் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, வயசானவர்களிடம் காட்டும் பொறுமையோடு, "இது ப்ரோசன் மேடம்" என்றாள். விழுந்தது, அறுத்தது என்று இரண்டு வகைதான் உண்டென்று இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக, உறைய வைத்தது என்று ஒன்று வந்துவிட்டது, எனக்கு யாரும் சொல்லவில்லை. பாலை மறந்துவிட்டு டப்பாவோடு வீட்டுக்கு வந்தேன்.

நான் கேட்ட கேள்வி உங்களுக்கும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பதினோரு வருடம் குப்பை கொட்டியவள் வேறு எப்படிக் கேட்பாள்?

டேனரி என்றதுமே உங்கள் கை மூக்குக்குப் போயிருக்கும். போகட்டும், தப்பில்லை. அந்த நாளில் பெங்களூர் ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள்கூட ஆம்பூர் வந்தால் கண்ணைத் திறக்காமலே கைக்குட்டையைத் தேடுவார்கள். நான் பள்ளிகொண்டாவிலிருந்து பஸ்ஸில் போய் வந்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மதியச் சோறு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் நாற்றம் போய்விட்டது. அடடா, பழகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். போனது நாற்றம் இல்லை, என் மூக்குதான் போயிருக்கிறது என்று புரிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று. வீட்டில் பால் தீய்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். நான் அடுப்புக்கு எதிரேதான் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். தலையில் மல்லிகை இருக்கிறது என்பதை அதன் கனத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். இதிலும் ஒரு லாபம் இருந்தது. சாயங்கால பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைக்காத நாளே கிடையாது. பக்கத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே எழுந்து போய்விடுவார்கள்.

எனக்கு வேலை சாம்பிள் ரூமில். தயாரான தோலில் உள்ளங்கை அளவுக்குத் துண்டு வெட்டி, அட்டையில் ஒட்டி, நிறமும் பெயரும் எழுதி, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுப்ப வேண்டும். எழுதுவது நான். வெட்டுவது ஷாஹிதா. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் ஒரே வயது, இருபத்தாறு. அவள் வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். கோபம் வந்தால் பாதியில் உருதுக்குப் போய்விடுவாள். சிரிப்பு வந்தாலோ எந்த மொழியிலும் வாக்கியத்தை முடிக்க மாட்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிப்பாள், நான் அட்டையில் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்து ஆடிப்போகும்.

அவளுடைய கணவர் ரஷீத் பாய், அதே டேனரியில் பச்சைத்தோல் வந்து இறங்கும் கொட்டகையில் இருந்தார். லாரியில் உப்புப் போட்ட ஆட்டுத்தோல் வரும். அவர் ஒவ்வொரு தோலையும் ஓரமாகப் பிடித்துத் தூக்கி, மூக்குக்கு நேரே ஒரு தரம் கொண்டுபோய், இடப்பக்கமோ வலப்பக்கமோ எறிவார். இடப்பக்கம் விழுந்தது, வலப்பக்கம் அறுத்தது. விழுந்தது என்றால் நோயிலோ பட்டினியிலோ தானாகச் செத்து விழுந்த ஆட்டின் தோல். ரத்தம் உள்ளேயே தங்கி, உரிப்பதற்கு முன்னாலேயே கெட ஆரம்பித்திருக்கும். நாறும், மயிர் கழன்று வரும், சாயம் ஏறாது. அறுத்தது என்றால் கசாப்புக் கடையில் முறையாக அறுத்த ஆட்டினுடையது, நல்ல தோல். எங்கள் டேனரியில் அரிச்சுவடியே இந்த இரண்டு சொல்தான். மனுஷர்களுக்கும் அதையே சொல்வோம். எந்நேரமும் தூங்கி வழிகிற ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தபோது, "விழுந்தது" என்று ஷாஹிதா என் காதில் சொன்னாள். அவர் மாற்றலாகிப் போகும்வரை அதுதான் அவர் பெயர்.

ஊரில் எல்லோருக்கும் மூக்கு செத்த இடத்தில் ரஷீத் பாய்க்கு மட்டும் அது எப்படி உயிரோடு இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மதியம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால், டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னாலேயே யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். வாட்ச்மேன் அவர் எதிரில் வாயைத் திறந்து பேசவே மாட்டார், காரணம் உங்களுக்குப் புரியும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டு எதை மறைக்க முடியும்? ஷாஹிதாவும் எதையும் மறைக்காமல்தான் இருந்தாள், துரியன் வரும்வரை.

அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. வேலூரில் காட்டாத டாக்டர் இல்லை, போகாத தர்கா இல்லை. அவளுக்காக நான் சோளிங்கர் மலை ஏறி வேண்டிக்கொண்டு வந்தேன். பாதி மலையில் என் வெற்றிலைத் தட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது, அது வேறு கதை. பிறகு ஒடுகத்தூர்ப் பக்கம் யாரோ கொடுத்த பொடியைத் தின்றுவிட்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தாள். ரஷீத் பாய் அந்த ஒரு வாரமும் வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தார், உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவள் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு, "இனிமே புள்ளைக்குன்னு எதையும் வாய்ல போட மாட்டேன்னு சொல்லு" என்றாராம். சொன்னாள். அவர் தலையில் கை வைத்துச் சொன்னாள்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை, மணியண்ணன் வந்து சேர்ந்தார்.

மணியண்ணன் லாரி டிரைவர். அந்த நாளில் கொஞ்சம் தோலைப் பட்டை போட்டும் பதனிடுவார்கள், அதற்கான வாட்டில் மரப்பட்டை நீலகிரியிலிருந்து வரும். அவர்தான் கொண்டுவருவார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே பேச்சோடு பேச்சாக, "பர்லியார் பக்கத்துல ஒரு தோட்டத்துல துரியன் மரம் இருக்குது. புள்ள இல்லாதவங்க எங்கெங்கேர்ந்தோ வந்து பேர் எழுதி வெச்சி வாங்கிக்கினு போறாங்க" என்றார். நம் பக்கத்தில் துரியனுக்கு அப்படி ஒரு பெயர் உண்டு, நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் எவ்வளவு நிஜம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஷாஹிதா டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு கொண்டாந்து குடுப்பீங்களா?"

"குடுக்கறேன். விழுந்தது வேணுமா, அறுத்தது வேணுமா? அங்க ரெண்டும் வெச்சிருக்கான்."

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"இன்னாண்ணே, எங்ககிட்ட வந்து இத கேக்கறீங்க?" என்றாள் ஷாஹிதா. "விழுந்தத யாரு வாங்குவா? நல்லா அறுத்ததா பாத்துக் கொண்டாங்க."

"அதுவும் சரிதான். விழுந்தது ரொம்ப நாறும்னு சொல்றாங்க."

"பாத்தியாடி" என்றாள் என்னிடம். நான் பெரிய அனுபவசாலி மாதிரித் தலையாட்டினேன்.

பழம் வந்தது. பலாவுக்குத் தம்பி மாதிரி இருந்தது, முன்கோபக்காரத் தம்பி. தொட்டால் குத்தியது. ஒரு சாண் காம்பு, அதன் நுனியில் கத்தி பட்ட இடம் வெள்ளையாகத் தெரிந்தது. கிட்டே வைத்து மோந்து பார்த்தோம், ஒன்றுமே வரவில்லை. "கொஞ்சங்கூட நாத்தமில்ல பாரு" என்று ஷாஹிதா பூரித்துப் போனாள். தோட்டக்காரர் சொன்னதாக மணியண்ணன் ஒரே ஒரு விஷயம் சொன்னார். நாலு நாள் வைத்திருந்து, வாசனை வந்ததும் வெட்டவேண்டும். சீக்கிரம் வெட்டினால் காய், தாமதித்தால் அழுகல், இரண்டுக்கும் நடுவே ஒரு நாளோ ஒன்றரை நாளோதான். அந்த வருடத்துக்கு அதுதான் கடைசிப் பழம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அங்கே அந்த மூக்கு இருக்கிறது. எனவே சாம்பிள் பீரோவில், மெத்தென்ற இரண்டு ஆட்டுத்தோலால் நன்றாகச் சுற்றி, அட்டைகளுக்குப் பின்னால் வைத்தோம். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. வாசனை வந்ததும் வெட்டவேண்டும், சரி. வந்ததா என்று யார் சொல்வது? இருவருக்கும் மூக்கு இல்லை. அந்தப் பழத்தின் நாளைச் சரியாகச் சொல்லக்கூடிய ஆள் ஆம்பூர் முழுக்க ஒருவர்தான், அவரிடம் மட்டும்தான் சொல்லக்கூடாது.

தினமும் காலையில் வந்ததும் பீரோவைத் திறந்து முதலில் அவள் மூக்கை வைப்பாள், பிறகு நான்.

"உனக்கு வருதா?"

"உனக்கு?"

"வர்ற மாதிரி இருக்குது."

"இன்னா மாதிரி?"

"தெர்லடி."

டீ கொண்டுவருகிற ஆளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னோம். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "டீ வாசன வருது" என்றார். நாலு நாள் ஆயிற்று, ஐந்து ஆயிற்று. ஷாஹிதா வெட்டிய துண்டுகள் கோணலாக வந்தன. மாதக் காலண்டரில் அவள், பிள்ளை தங்கும் நாளென்று டாக்டர் சொன்ன நாலு நாளைப் பென்சிலால் சுற்றி வைத்திருந்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். என் பிழைப்புக்கும் அந்தப் பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் போகும்போது, இந்நேரம் உள்ளே அழுகிக்கொண்டிருக்குமோ என்று விரல்விட்டு நாளை எண்ணுவேன்.

ஆறாம் நாள் மதியம் வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரஷீத் பாய் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், "உன் துப்பட்டால இன்னா வாசன?" என்றார்.

"பலாப்பழம். இவ கொண்டாந்தா."

"பலா இப்ப ஏது?"

எனக்கு இருமல் வந்துவிட்டது. நிஜமான இருமல்தான், பயத்தில் சோறு புரையேறியது. அவர் தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

மூன்று மணிக்குச் சாம்பிள் ரூம் வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வரவே மாட்டார். பச்சைத்தோல் தொட்ட கை தயாரான தோலில் படக்கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். அன்றைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றார். நின்ற இடத்திலிருந்து அறையை ஒரு சுற்று மோந்தார். பிறகு நேராகப் பீரோவுக்குப் போய்க் கதவைத் திறந்தார். பழத்தை அவர் பார்க்கவே இல்லை. அதைச் சுற்றியிருந்த தோலின் ஓரத்தைப் பிடித்து, லாரித் தோலை எடுப்பது மாதிரியே எடுத்து, மூக்குக்கு நேரே ஒரு தரம் கொண்டுபோனார்.

"யாருது இது?"

ஷாஹிதாவைக் காப்பாற்ற வேண்டும் என்கிற அவசரத்தில் நான், "எனக்குதான் பாய், மணியண்ணன்கிட்ட நான்தான் சொல்லி வெச்சேன்" என்றேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. துரியன் எதற்கு என்று ஊருக்கே தெரியும்.

"அப்படியா தங்கச்சி" என்றார் அவர்.

ஷாஹிதா சிரித்துவிட்டாள். மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தவள், தலையைத் தூக்கும்போது அழுதுகொண்டிருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உருதுவில் இரண்டே வாக்கியம் சொன்னார். அவள் ஒரு வாக்கியம் பதில் சொன்னாள். எனக்கு அந்த மூன்று வாக்கியமும் இன்றுவரை தெரியாது, நானும் கேட்கவில்லை. பிறகு தமிழுக்கு வந்தார்.

"எத்தன நாளா மோந்து பாக்கறீங்க?"

"ஆறு நாளா" என்றேன்.

"எத?"

"பழத்ததான்."

"வாசனய பூரா தோல் குடிச்சிடுச்சி. தோல மோந்து பாத்திருக்கணும். தோல் ரூம்ல உக்காந்துக்கினு இதுகூடத் தெரியலியா ரெண்டு பேருக்கும்." காம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இது அறுத்தது."

"ஆமா. பாத்து, அறுத்ததா கேட்டுதான் வாங்கினோம்" என்றேன் நான், பெருமையாக.

அவர் என்னையே பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தங்கச்சி, அது தோலுக்கு" என்றார். "பழத்துக்கு விழுந்ததுதான் நல்லது. நாவப்பழம் பொறுக்கறோம், புளி பொறுக்கறோம், அறுத்தா எடுக்கறோம்? உள்ள ஆனதும் அதுவா காம்ப உட்டுடும். இவன் அவசரத்துல காயா இருக்கும்போதே கத்தி போட்டுட்டான். பாதிதான் ஆயிருக்கும்."

தோல் வெட்டும் கத்தியாலேயே அதை வெட்டினார். உள்ளே ஐந்து அறை. ஒன்றில் மட்டும் சுளை மஞ்சளாகக் குழைந்திருந்தது. மற்ற நாலும் வெளிறிப்போய், பச்சைக் கிழங்கு மாதிரிக் கடக்கென்று இருந்தன. குழைந்ததில் எனக்கும் ஒரு துளி கொடுத்தார்கள். பால்கோவாவில் வெங்காயம் நறுக்கிய கத்தியை வைத்தது மாதிரி ஒரு ருசி. ஷாஹிதா மீதியைத் தின்றுவிட்டு, காயாக இருந்ததையும் எடுத்துக் கடித்தாள்.

"அது வேணாம், வயிறு கெட்டுடும்" என்றார் அவர்.

"ஒண்ணுதான கெடச்சுது" என்றாள். கண்ணிலிருந்து நீர் வழிய, மென்றுகொண்டே இருந்தாள். எனக்கு அந்தப் பழத்தின் மேலும், மணியண்ணன் மேலும், முக்கியமாக என் மேலும் அப்படி ஒரு கோபம். விழுந்ததைக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் ஐந்து அறையும் பழுத்திருக்கும். எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி டிரைவரை நையாண்டி செய்தோமே. ரஷீத் பாய் ஒரு காய்ச்சுளையை எடுத்துத் தானும் கடித்து மெல்ல ஆரம்பித்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

இதற்கு ஒரு வால் உண்டு. அடுத்த மாதம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. தோல் பிரமாதம், நிறம் பிரமாதம், ஆனால் மாதிரித் துண்டுகளில் ஒரு பழ வாசனை வருகிறதே, அது எந்த மருந்து, அடுத்த முறை அது இல்லாமல் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மேனேஜர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சாயம் போடுகிறவர்களை உருட்டி எடுத்தார். நானும் ஷாஹிதாவும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தோம். எங்கள் சரித்திரத்திலேயே அவ்வளவு வேலை செய்தது அந்த இரண்டு நாள்தான்.

அடுத்த வருடம் ஆடி மாதம், ரஷீத் பாயே வந்தார்.

"தங்கச்சி, மணிகிட்ட சொல்லிட்டேன். சனிக்கெழம காலி வண்டி போவுது. மூணு பேரும் பர்லியார் போய்ட்டு வரலாம்."

"நீங்களா பாய் கூப்புடறீங்க?"

"வேணாம் வேணாம்னுதான் நானும் சொல்லிக்கினு இருக்கேன், அவ மனசு கேக்கல. ஒரு தபா சரியானத சாப்டட்டும். அரகொறயா சாப்ட்டா அது ஆயுசுக்கும் உள்ளயே நின்னுடும்."

சனிக்கிழமை ராத்திரி மேட்டுப்பாளையத்தில் மணியண்ணனின் தங்கை வீட்டில் தங்கி, ஞாயிறு காலையில் தோட்டத்துக்குப் போய்விட்டோம். துரியன் மரம் அவ்வளவு உயரம் என்று நான் நினைக்கவே இல்லை. கிளைகளின் அடியில் பழங்கள் தொங்கின. தலையில் விழுந்தால் அவ்வளவுதான் என்று தோட்டக்காரர் எங்களைத் தள்ளி ஒரு கொட்டகையில் உட்கார வைத்தார்.

"இன்னைக்கு விழுமான்னு சொல்ல முடியாதுங்க. நேத்து ரெண்டு விழுந்துச்சு, ஒண்ணக் குரங்கு தின்னுருச்சு. வேணும்னா இப்பவே மேல ஏறி அறுத்துத் தந்தர்றனுங்க. வெளியூர்க்காரங்க அல்லாரும் அப்படித்தான் வாங்கீட்டுப் போறாங்க, அதுதான் வழியில தாங்கும். விழுந்தத அன்னைக்கோ மறுநாளோ தின்னு முடிச்சரோணும்."

மணியண்ணன் நாலு மணிக்குப் பட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை மூவருக்கும் வேலை. ரஷீத் பாய் ஷாஹிதாவைப் பார்த்தார். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "அறுக்க வேணாம்" என்றாள். "விழட்டும்."

காத்திருந்தோம். கொண்டுபோன எலுமிச்சைச் சோறு தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. ஒரு மணிக்குச் சருகில் ஏதோ விழுந்தது, ஓடிப்போய்ப் பார்த்தால் காய்ந்த கிளை. இரண்டு மணிக்கு நான் தோட்டக்காரரிடம் போய், லேசாக மரத்தை உலுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் மரத்தின் சுற்றளவைக் காட்டி, உலுக்கிப் பாருங்கள் அம்மிணி என்றார். மூன்று மணி ஆயிற்று. ஷாஹிதா துப்பட்டா நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். மணியண்ணன் சாலையிலிருந்து ஒரு தரம் ஹாரன் அடித்தார்.

அப்போதுதான் தொம்மென்று ஒரு சத்தம். புதருக்குள் விழுந்துவிட்டது. தோட்டக்காரர் குச்சியால் செடியை விலக்கித் தேடிக்கொண்டிருக்கும்போதே ரஷீத் பாய் விடுவிடுவென்று எதிர்ப்பக்கம் நடந்துபோய்க் குனிந்தார். முள் குத்தாமல் இருக்க ஊரிலிருந்தே ஒரு தடித்த தோல் துண்டு கொண்டுவந்திருந்தார். பழத்தை அதில் வைத்துக் கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்.

அவர் பத்தடி தூரத்தில் வரும்போது எனக்கு வாசனை வந்தது. எனக்கு, சொல்லிக்கொள்கிறேன், எனக்கு. டேனரியை விட்டு இரண்டு நாள் விலகி, மலைக்காற்றில் இருந்த மூக்கு திரும்பி வந்துவிட்டதோ, இல்லை அந்தப் பழத்தின் வாசனை செத்த மூக்கையும் எழுப்பிவிட்டதோ, தெரியாது. வெல்லப்பாகும் வெங்காயமும் பெட்ரோலும் எங்கோ ஒரு மூலையில் பூவும் கலந்த வாசனை. மூன்று வருடம் கழித்து எனக்குக் கிடைத்த முதல் வாசனை அது. ஷாஹிதா என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"எனக்கு வருதுடி" என்றாள்.

வெட்டவே வேண்டியிருக்கவில்லை. அடியில் தானே விரிசல் விட்டிருந்தது. கையால் பிரித்தார், ஐந்து அறையும் பழம். அங்கேயே சருகின்மேல் உட்கார்ந்து தின்றோம். போன வருடம் தின்றது இதன் பெயரை வைத்துக்கொண்ட வேறு எதுவோ. ஷாஹிதா ஒவ்வொரு சுளையாக, அவசரமே இல்லாமல், கொட்டையைச் சப்பி, விரலைச் சப்பித் தின்றாள். ரஷீத் பாய் தன் பங்கை அவள் பக்கம் தள்ளினார். அவள் திரும்ப அவர் பக்கமே தள்ளிவிட்டு, "போதும்" என்றாள்.

"இன்னும் ரெண்டு இருக்குதே."

"எல்லாமே போதும்ங்க. இதுக்கு மேல நல்லதா ஒண்ணு எங்கேர்ந்து வரப்போவுது? இனிமே மருந்து வேணாம், பழம் வேணாம், பேஜாரு வேணாம். புள்ள வந்தா வரட்டும். வர்லன்னா நாம ரெண்டு பேரு இருக்கறோம்."

அவர் கையைத் தோல் துண்டில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். நான் மரத்தைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். மணியண்ணன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

பிள்ளை வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் வேறு எதையாவது நினைத்துக்கொள்வீர்கள். ஆனால் ஷாஹிதா சொன்ன சொல் தவறவில்லை. அதற்குப் பிறகு ஒரு பொடியையும் தொடவில்லை. காலண்டரில் பென்சில் குறி போடுவதும் நின்றது. யாராவது விசாரித்தால், "துரியன்கூட சாப்ட்டுப் பாத்துட்டேன், ருசி ஜோரா இருந்திச்சி" என்பாள். கேட்டவர்களுக்கு அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாது. சாம்பிள் ரூமில் சிரிப்பு முன்னைவிட ஜாஸ்தியாயிற்று, என் கையெழுத்துதான் மோசமாகிக்கொண்டே போயிற்று.

இந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேற்று ஆம்பூருக்கு ரயில் ஏறினேன். எங்கள் டேனரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. வேப்பமரம் இருந்த மூலையில் கார் நிறுத்துகிறார்கள். ரயிலில் யாரும் கைக்குட்டையைத் தேடுவதாகத் தெரியவில்லை, பாதிப் பேர் கண்ணாடி மூடிய பெட்டியில் போகிறார்கள். ஊர் வந்ததைக்கூட செல்போன்தான் அவர்களுக்குச் சொல்கிறது.

ஷாஹிதா மருதாணி போட்டுத் தலையைச் சிவப்பாக்கி வைத்திருந்தாள். ரஷீத் பாய் ஜன்னலோரம் நாற்காலியில். டப்பாவைத் திறந்து ஆளுக்கொரு சுளை எடுத்துக்கொண்டோம்.

"விழுந்ததா, அறுத்ததா?" என்றார் முதல் வேலையாக.

"ப்ரோசன், பாய்."

ஷாஹிதா சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. சுளை இனிப்பாக, சில்லென்று, ஒரு வம்புக்கும் போகாமல் தொண்டையில் இறங்கிற்று. "ஐஸ்கிரீம் மாதிரி இருக்குது, நல்லாதான் இருக்குது" என்றாள் அவள். அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தவள் பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புத் தோல் துண்டை எடுத்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் அன்று மரத்தடியில் கையைத் துடைத்த துண்டு. இத்தனை வருடம் வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அவள் மோந்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இன்னும் இருக்குது பாரு."

டேனரியை விட்டு வந்து முப்பது வருடத்துக்குப் பக்கம் ஆகிறது, இப்போது என் மூக்குக்கு ஒரு குறையும் இல்லை. இழுத்து மோந்தேன். அந்துருண்டை வாசனை. அதைத் தவிர ஒன்றுமில்லை. நாசூக்கு எனக்கு எந்த நாளிலும் வந்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் வர்லியேடி."

"உனக்கு எப்பதான் வந்துச்சு? இவுருகிட்ட குடு."

கொடுத்தேன். ரஷீத் பாய் அதை ஓரமாகப் பிடித்தார். லாரித் தோலை எடுப்பது மாதிரியே எடுத்து மூக்குக்கு நேரே கொண்டுபோனார். கொண்டுபோன இடத்திலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எந்தத் தோலுக்கும் அவர் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"இருக்குது" என்றார்.

"பாத்தியா" என்றாள் ஷாஹிதா. துண்டை வாங்கி மடித்துக்கொண்டு உள்ளே போனாள். பீரோக் கதவு கிரீச்சிட்டது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "வெறும் அந்துருண்டதான் தங்கச்சி" என்றார், மெல்லிய குரலில். "அவ வெச்சிக்கட்டும்."

"அங்க ரெண்டு பேரும் இன்னா குசுகுசுன்னு பேசறீங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் ஷாஹிதா.

"ஒண்ணுமில்லடி" என்றேன் நான். "இப்பதான் எனக்கும் வருது."